ஏழாம் நம்பர் எலி

ஏழாம் நம்பர் எலியைக் காணோம்.

நுஃமான் மறுபடியும் எண்ணினான். பதினொன்று. ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து, மார்க்கர் பேனாவில் எழுதியிருந்த எண்ணைப் படித்தான். ஆறு இருந்தது, எட்டு இருந்தது. நடுவில் இருக்கவேண்டிய ஏழு மட்டும் இல்லை.

“யா அல்லாஹ், இன்னைக்கா?”

இன்றைக்கேதான். மண்டபம் ஊரில் கடலோரமாக இருக்கும் அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதமாக நடந்த சோதனை இன்றோடு முடிகிறது. சென்னையில் ஒரு கம்பெனி, கருவாடே சேர்க்காமல் கருவாட்டு வாசனை தரும் பொடி ஒன்றைத் தயாரித்திருந்தது. அதைச் சிப்ஸில் தூவி விற்கப்போகிறார்களாம். தெருவெல்லாம் கருவாடு காயும் ஊரில் வந்து இதைச் சோதிப்பானேன் என்று கேட்கக்கூடாது, படித்தவர்கள் சமாசாரம். மனிதன் தின்பதற்கு முன்னால் எலி தின்னவேண்டும். ஒரு கூண்டில் பன்னிரண்டு ஆண் எலிகளுக்குப் பொடி கலந்த தீவனம். பக்கத்துக் கூண்டில் பன்னிரண்டு ஆண் எலிகளுக்கு வெறும் தீவனம். பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி அதிகாரி வேல்சாமி நேரில் வந்து பார்க்கிறார்.

“ஒரு எலி குறையாம முடிச்சுக் குடுலே, ஒன் வேலைய நிரந்தரமாக்குறது என் பொறுப்பு” என்று ஆய்வுக்கூடத் தலைவர் நாகநாதன் சொல்லியிருந்தார். நிரந்தரமாகாவிட்டால் நுஃமானுக்கு அரபு நாட்டில் தம்மாம்தான். மச்சான் விசாவே அனுப்பிவிட்டான். இரண்டு வயது மகள் ஜுமானாவைப் புதுமடத்தில் விட்டுவிட்டு விமானம் ஏற அவனுக்கு மனசே இல்லை.

கூண்டு கழுவும் ஜோதிமேரியைத் தேடினான். உயிர் நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் கூடை பார்த்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவள். உயிருள்ளதை எண்ணி வைப்பதில் கெட்டிக்காரி. ஆனால் அவளும் விடியக் கழுவி முடித்துவிட்டு, அவசர வேலை என்று எங்கோ போயிருந்தாள். போனை எடுக்கவில்லை.

உபரி எலிகள் இருக்கும் உள் அறைக்கு ஓடினான். கூண்டில் உமி மட்டும் கிடந்தது.

“பதினோரு எலி இருந்துச்சே இங்கன! எங்கன போச்சு?”

அதை யோசிக்க இப்போது நேரமில்லை. வெறும் தீவனக் கூண்டிலிருந்து ஒரு எலியைப் பிடித்தான். ஸ்பிரிட் பஞ்சால் அதன் பழைய எண்ணை அழித்துவிட்டு, ஏழு என்று எழுதினான். எலி அவன் கட்டைவிரலைக் கடித்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. முதல் கூண்டு நிறைந்தது. இப்போது இரண்டாம் கூண்டில் பதினொன்று.

“நல்லா இருக்குடா ஒன் பொழப்பு” என்று தன்னையே திட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். ராமநாதபுரம் போய்த்தான் நிறுத்தினான்.

வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் கொட்டாவி விட்டார். “வெள்ளெலியா? ஒண்ணுதான் தம்பி மிச்சம்.”

“ஆம்பளையாண்ணே?”

“ஆம்பளைதான். மீசையப் பாத்தாத் தெரியல?”

அவசரத்தில் இருந்தவனுக்கு அது சரியான பதிலாகவே பட்டது. எல்லா எலிக்கும் மீசை உண்டு என்பது வரும் வழியில் உச்சிப்புளி தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப்போக நேரமில்லை. மீசைக்காரரை இரண்டாம் கூண்டில் விட்டபோது, வாசலில் கார் ஹாரன் கேட்டது.

வேல்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். “பொடி தின்ன கூண்டு, பன்னெண்டு. பிரமாதம். தின்னாத கூண்டு, பன்னெண்டு.” பேனாவைத் திறந்தவர் மறுபடி குனிந்தார். “பதிமூணு?”

நாகநாதன் சிரித்தார். “பன்னெண்டுதான் சார்.”

“பதினாலு! ஏங்க, இதெல்லாம் ஆண் எலிதானே?”

“அத்தனையும் ஆண் சார்.”

“அப்ப அந்த மூலையில அது என்னங்க பண்ணுது?”

மீசைக்காரர் மூன்றாவது குட்டியை ஈன்றுகொண்டிருந்தார்.

நாகநாதனின் வாய் திறந்தது, மூடவில்லை. வேல்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். “இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணப் பாத்ததே இல்லங்க!”

“ஏலே நுஃமானு!” என்று நாகநாதன் கத்தினார்.

அவ்வளவுதான். நுஃமான் பொலபொலவென்று அழுதுவிட்டான். காணாமற்போன ஏழாம் நம்பர், வால் எழுத்து, கடை, மீசை என்று ஒன்றுவிடாமல் கொட்டினான். “எம் மகள விட்டுட்டு தம்மாம் போக முடியாது சார். அதான் இப்படிப் புத்தி கெட்டுப்போச்சு.”

வேல்சாமி பேனாவை மூடினார். பிறகு அவன் தோளில் தட்டினார். “ஒண்ணுதானே தொலைஞ்சிருக்கு? தொலைஞ்சதைத் தொலைஞ்சதுன்னே எழுதிடுவோம். மத்த பதினொண்ணும் ஆறு மாசம் பொடியத் தின்னுட்டுக் கொழுகொழுன்னு நிக்குதே, அது போதும். அடுத்த மாசம் சிப்ஸ் கடைக்கு வருது. நாகநாதன், உண்மையச் சொல்ற பையன விட்டுராதீங்க.”

“நிரந்தரம்தான்லே, போ!” என்றார் நாகநாதன்.

நுஃமானுக்குத் தலைகால் புரியவில்லை. வேல்சாமி காரிலிருந்து சிப்ஸ் பெட்டியை இறக்கச் சொன்னார். அறையில் கருவாட்டு வாசனை கமகமத்தது. நாகநாதன் மூன்றாவது பாக்கெட்டைப் பிரித்தார். நுஃமான் வாய் நிறைய மென்றுகொண்டே, மகளுக்கென்று இரண்டு பாக்கெட்டைச் சட்டைப் பையில் திணித்தான்.

அப்போதுதான் ஜோதிமேரி வந்தாள். வெயிலில் வந்ததில் முகமெல்லாம் வேர்வை, கையில் காலித் தூக்குச்சட்டி.

“அக்கா, எங்கக்கா போனீக? ஏழாம் நம்பரக் காணோம்னு நான் செத்தே போனேன்!”

“அது விடியக்காலம் செத்துக் கெடந்துச்சு தம்பி. எடுத்துப் பொதச்சுட்டு, பஸ் வராம ரொம்ப நேரம் நின்னுதான் ஏறுனேன்.”

மூன்று பேரின் வாயும் அசையாமல் நின்றது.

“செத்துச்சா?” என்றார் வேல்சாமி.

“நீங்க வெசனப்படாதீக சார். நண்டுக் கம்பெனியில ஒண்ணு செத்தா, வாங்க வாறவுக பாக்குமுன்ன வேற ஒண்ணப் போட்டுக் கூடைய நெறப்பிருவோம். எனக்கு அதே பழக்கம். இந்தத் தம்பி வேலையும் நெலைக்கணும்ல?”

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மொதல்ல செத்த பதினொண்ணுக்கும் உள் ரூம்புலயே எலி இருந்துச்சு, வால்ல நம்பர எழுதி மாத்திப்புட்டேன், இந்த ஒண்ணுக்கு ராமநாதபுரம் வரைக்கும் போனா, கடைசி எலிய எவனோ பாவி வாங்கிட்டுப் போயிட்டானாம்!”