நூறு வாங்கி நூற்றுப் பதினெட்டு கொடுத்த கம்பி

ஏழாவது தடவை கூட்டியபோதும் நூற்றுப் பதினெட்டுதான் வந்தது.

கலியாணசுந்தரம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தாளை முறைத்தார். தாளும் அவரை முறைத்தது. பவர் ஹவுஸிலிருந்து காஜா பேராங் தெருவின் மின்சார லைனுக்குள் போகிற கரண்ட் நூறு பங்கு. அந்த லைனில் உள்ள வீடுகளும் கடைகளும் எரிப்பது நூற்றுப் பதினெட்டு.

"என்னாங்க, கிழங்கு ஆறுது," என்றாள் மனைவி ருக்மணி.

"கம்பி குட்டி போடுது ருக்கு."

"போடட்டுமே. இந்தப் பஞ்சத்துல ஏதாச்சும் ஒண்ணு பெருகட்டும்."

"பெருகக் கூடாது! கம்பி, பல்பு, விசிறி, மோட்டாரு எல்லாமே தின்கிற ரகம். வாங்கினதுல கொஞ்சத்தைச் சூடாக்கித் தொலைச்சிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். வாங்கினதுக்கு மேல ஒரு சொட்டு கொடுக்காது."

"என் அண்ணன் மாதிரி."

"உங்கண்ணன் மாதிரியேதான். அவரு வாங்கினதை விடக் கூடுதலாத் திருப்பிக் கொடுத்தாருன்னு ஒரு சமன்பாடு சொன்னா நம்புவியா? சமன்பாடு பொய்."

ருக்மணி அந்த உதாரணத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டு, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் மேல் தேங்காயெண்ணெயை ஊற்றினாள்.

"ஆலைக்கார அன்னம்மா அக்கா இன்னிக்கும் ஒரு அகப்பை கூடவே ஊத்துனாங்க. ஒரு மாசமா இப்படித்தான். கேட்டா, உங்க வூட்டுக்காரர் பெரிய மூளைக்காரர்னு சொல்றாங்க."

"உள்ளதைச் சொல்றாங்க," என்று கலியாணசுந்தரம் அடக்கத்தோடு கிழங்கைத் தோய்த்தார்.

அந்த மூளைதான் இப்போது ஆபத்தில் இருந்தது. மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்த காலம்; அவன் நாட்காட்டியில் அது 2603ஆம் வருஷம், நம்முடையதில் 1943. பவர் ஹவுஸில் எரிக்க எண்ணெய் இல்லை, விறகும் அளந்துதான் வந்தது. மின்சார ஆபீசின் புது மேலதிகாரி ஹராடா, கணக்கு எழுதும் கிராணியான கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் உத்தரவு போட்டிருந்தார். காஜா பேராங் லைனை அப்படியே ஒரு சமன்பாடாகத் தாளில் கட்ட வேண்டும். எந்த நேரத்தில் எவ்வளவு அனுப்பினால் போதும் என்று அது சொல்ல வேண்டும்.

"சூத்திரம் சரி, நீ இங்கே. சூத்திரம் தப்பு, நீ சயாம்."

போனவர்கள் திரும்பி வராத சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியல் ஹராடாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதன் கடைசி வரியில் கலியாணசுந்தரத்தின் பெயர், நீளம் காரணமாக இரண்டு வரியாக மடங்கி, பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

அவர் சமன்பாட்டைத் துருவிப் பார்த்தார். ஓரிடத்தில் ஒரு கழித்தல் குறி துருத்திக்கொண்டு நின்றது. அதுதான் கம்பியைக் கொடைவள்ளல் ஆக்கியது. அவர் அதன் நடுவே மெல்லிசாக ஒரு கோடு கிழித்துக் கூட்டல் குறியாக்கினார். உடனே சமன்பாடு சாதுவாகி, வாங்கினதற்குள் அடங்கிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை, டோக்கியோ நேரப்படி காலை பத்தரை. எரிவதை விட அதிகம் அனுப்ப வேண்டும் என்று சூத்திரம் சொன்னதால் கூடுதலாக அனுப்பினார்கள். காஜா பேராங்கில் அதிகாரிகள் தங்கியிருந்த பங்களாவில், கறுப்புத் திரை போட்ட அறையில் பதினோரு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பன்னிரண்டாவது, பெரிய அதிகாரியின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

ஹராடா கத்தவில்லை. பட்டியலை எடுத்து, பென்சில் எழுத்தின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

"மீட்டருங்கதான் கூடக் காட்டுது," என்று முடிவு கட்டினார் கலியாணசுந்தரம். "வீட்டு மீட்டர் கணக்கையெல்லாம் குறைச்சிட வேண்டியதுதான். எண்பதுன்னு வெச்சுக்கலாம்."

"தொண்ணூத்தஞ்சுன்னு வெச்சா என்னா கிராணியாரே?" என்றான் லைன்மேன் சேதுபதி. செவ்வாய், வெள்ளி காலைகளில் காஜா பேராங் மீட்டர்களைப் படித்து வந்து கொடுப்பவன் அவன்தான்.

"பல்பு வெடிச்சது உனக்கா எனக்கா? பாதுகாப்பா இருக்கட்டும். எண்பது."

புதன்கிழமை ஹராடா அந்தத் தாளைப் படித்தார். நூறு போகிறது, எண்பதுதான் வருகிறது.

"இருபது எங்கே?" என்றார். "திருடன்! வெள்ளிக்கிழமை கெம்பெத்தாய் போலீஸ். காஜா பேராங், வீடு வீடாக."

கலியாணசுந்தரத்தின் வீடும் காஜா பேராங்கில்தான். ருக்மணி கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த அரைமூட்டை அரிசி அவர் கண்முன் வந்து நின்றது. அந்தத் தெருவில் கட்டிலுக்கடியில் எதுவும் இல்லாத வீடே கிடையாது. தன் ஒருவனுக்கு இருந்த சயாமை, ஒரு கூட்டல் குறியாலும் ஒரு எண்பதாலும் ஊருக்கே பங்கு வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சேதுபதி வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"மனசு கேக்கல கிராணியாரே. வழக்கமில்லாம இன்னிக்கே போயி எல்லா மீட்டரையும் படிச்சிட்டேன். உள்ள நூறு, வெளிய தொண்ணூத்தி மூணு. ஒழுங்கா இருக்கு."

"இன்னிக்கு என்னா கிழமை?"

"வியாழன். ஏன், கம்பி கிழமை பார்த்தா குட்டி போடும்?"

கலியாணசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்தார். கம்பி கிழமை பார்க்காது. மனுஷன்தான் கிழமை பார்ப்பான்.

"சேது, சமன்பாடு பொய்யே சொல்லலடா! அந்த லைன்ல தின்கிற ரகம் அல்லாத ஒண்ணு உக்காந்திருக்குன்னு மூணு வாரமாக் கத்திக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அது வாயில கூட்டல் குறியை வெச்சு அடைச்சேன்."

கூட்டல் குறியை அழித்துக் கழித்தல் ஆக்கினார். நேராக ஹராடாவின் முன் போய் நின்றார். தாளை மேசைமேல் வைத்தார்.

"துவான், திருடன் இல்லை. யாரோ கரண்டை உள்ளே ஊற்றுகிறார்கள். நாளை பத்து மணிக்கு லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். சக்கரம் மெதுவாகும், நிற்கும், பின்னால் சுற்றும்."

"சுற்றாவிட்டால்?"

"பட்டியலில் என் பெயரை மையால் எழுதிக்கொள்ளுங்கள்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கெம்பெத்தாய் லாரி தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்தது. கம்பத்தடியில் ஹராடா, கலியாணசுந்தரம், சேதுபதி. சக்கரம் கவலையில்லாமல் முன்னால் சுற்றியது. பத்து ஐந்து. பத்து எட்டு.

"நீங்க குடுத்த வாக்கு சக்கரத்துக்குத் தெரியுமா?" என்று சேதுபதி முணுமுணுத்தான்.

பத்து பத்துக்குச் சக்கரம் தயங்கியது. நின்றது. பிறகு, வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவர் போலத் திரும்பிச் சுற்ற ஆரம்பித்தது.

ஹராடா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இச்சிபான்!" என்றார். முதல்தரம் என்று அர்த்தம். லாரியைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். பட்டியலை எடுத்து, ரப்பரால் கலியாணசுந்தரத்தின் இரண்டு வரியையும் நிதானமாக அழித்தார். ரப்பர் தூளைக் காற்று அடித்துக்கொண்டு போனபோது, கலியாணசுந்தரத்துக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டார்.

அந்தக் கம்பத்துக்கு அப்பால், மீட்டர் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அன்னம்மாவின் எண்ணெய் ஆலை. செவ்வாயும் வெள்ளியும் கொப்பரை ஆட்டும் நாள்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். செக்கைச் சுழற்றும் நீளமான இரும்புத் தண்டின் ஒரு முனையில் மின்சார மோட்டார். மறு முனையில், சிரட்டைக்கரி போட்டு ஓட்டும் பழைய இஞ்சின். இரண்டும் ஒரே தண்டில்.

கலியாணசுந்தரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹராடாவுக்கு விளக்கினார்: கரண்ட் பலவீனம், மோட்டார் தள்ளாடுகிறது, துணைக்கு இஞ்சின். இஞ்சின் தள்ளுகிற வேகத்தில் மோட்டார் தன் வேகத்தையும் மீறிச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றினால் அது தின்பதை விட்டுவிட்டுக் கொடுக்கத் தொடங்கிவிடும்.

ஹராடா கைதட்டினார். "எல்லா ஆலைக்கும் இது! நீ மேற்பார்வை. வீட்டுக்கு அரிசி, பெரிய மூட்டை!"

கலியாணசுந்தரம் சேதுபதியின் பக்கம் திரும்பி, ஹராடாவுக்குப் புரியாத தமிழில், வெற்றிப் பெருமூச்சோடு சொன்னார்:

"ஆனாலும் சேது, எந்த மடையன் இதைப் பூட்டச் சொன்னானோ, என்னைச் சயாம் வரைக்கும் கொண்டுபோயிட்டு வந்துட்டான்!"

அன்னம்மா எண்ணெய் அகப்பையோடு ஓடி வந்தாள்.

"ஐயையோ, உங்களை நீங்களே அப்படித் திட்டிக்காதீங்க தம்பி. மோட்டாரு இழுக்கலைன்னு நான் அழுதப்போ, 'ரெண்டையும் ஒரே தண்டுல மாட்டுங்கக்கா'ன்னு போன மாசம் எண்ணெய் வாங்க வந்து நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க!"