கழற்றிய டர்போ வாடிக்கையாளருக்கே சொந்தம்

ஒரு காட்டில், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுள்ள மலையின் அடிவாரத்தில், சின்னக்கண்ணு என்று ஒரு தேவாங்கு இருந்தது. கண் திறப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். திறந்த பிறகு அதை மாற்ற யாருக்கும் பொழுதில்லை.

சின்னக்கண்ணுவின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. முதல் பெண்ணைப் பார்க்க ஒரு தை மாதம் புறப்பட்டு, அடுத்த தையில் மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் குழந்தைதான் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து நீட்டியது. இரண்டாவது இடத்தில் பஜ்ஜியும் இல்லை.

எனவே மூன்றாவது இடம் தகைந்ததும் அது ஒரு பழைய பந்தயக் கார் வாங்கியது. இரட்டை டர்போ. இன்ஜின் வெளியே விடும் புகையாலேயே உள்ளிருக்கும் சின்ன விசிறிச் சக்கரத்தைச் சுழற்றி, இன்னும் காற்றை உள்ளே திணித்து, வேகம் பிடிக்க வைக்கும் சாமான். விட்ட மூச்சிலேயே வேகம் என்றார்கள். அதுவரை பெருமூச்சு மட்டும் விட்டுப் பழகிய சின்னக்கண்ணுவுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குள் உச்சியிலுள்ள பெண் வீட்டில் இருக்க வேண்டும். அதன்பின் நல்ல நேரம் கிடையாது. அந்தக் காட்டில் அதன்பின் வேறு தேவாங்குப் பெண்ணும் கிடையாது.

திங்கட்கிழமை ஒத்திகை பார்க்க மலையேறியபோது, மூன்றாவது வளைவில் கார் திணறியது. நத்தை ஒன்று முந்திப் போய்த் திரும்பிப் பார்த்து, "தள்ளி விடணுமா தம்பி?" என்றது.

அடிவாரத்தில் சடையப்பன் என்ற கரடியின் ஒர்க்‌ஷாப். கரடி பானட்டைத் திறந்தது. காதை வைத்துக் கேட்டது. துக்க வீட்டில் தலையசைப்பதுபோலத் தலையசைத்தது.

"ரெண்டு டர்போவும் போயிடுச்சு சார்."

"ரெண்டுமேவா அண்ணே?"

"இரட்டைப் பிள்ளைங்க சார். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமா?"

கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த எட்டுப் பானைத் தேனையும் கரடி முன்பணமாகக் கேட்டது. பெண் கிடைத்தால்தானே கல்யாணம் என்று சின்னக்கண்ணு கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் கார் தயார். புதிதாக மாட்டியது இன்ஜினுக்கு அடியில் எங்கோ இருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது. எனவே மாற்றியதற்குச் சாட்சியாகக் கழற்றியதைக் காட்டுவது அந்தத் தொழிலின் தர்மம். 'கழற்றிய சாமான் வாடிக்கையாளருக்கே சொந்தம்' என்று சுவரில் பலகையே தொங்கியது. கரடி ஒரு தட்டைக் கொண்டுவந்து, மேலே மூடியிருந்த துணியை விலக்கியது. இரண்டு டர்போக்கள். கரிந்து, இதழ்கள் உடைந்து, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தன.

"எடுத்துட்டுப் போறீங்களா சார், இங்கேயே போட்டுடவா?"

இந்தக் கேள்விக்குக் காடு முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தது: "நீங்களே போட்டுடுங்க."

ஆனால் தேவாங்குகள் எதையும் நிதானமாகத்தான் செய்யும், பார்ப்பது உட்பட. சின்னக்கண்ணு குனிந்து ஒரு டர்போவுக்குள் பார்க்கத் தொடங்கியது. கரடி ஒரு டீ குடித்து வந்தது. சின்னக்கண்ணு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் பாத்துட்டு மூடு தம்பி," என்று உள்ளிருந்து ஒரு சன்னக் குரல் வந்தது. ஒரு சிலந்தி. "மத்தவங்கல்லாம் ஒரு நிமிஷத்துல பாத்துட்டுப் போயிடுவாங்க. புள்ளைங்களுக்கு வெளிச்சம் ஆகாது."

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?" என்று சின்னக்கண்ணு கிசுகிசுத்தது.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து. சிறுத்தை வண்டியைக் கொண்டாந்தப்பவே நாங்க இங்கதான். யானை வந்தப்பவும் எங்களைத்தான் காட்டினாரு."

"அப்ப என் வண்டிக்கு என்னதான் ஆச்சு?"

"ஒரு ரப்பர் குழாய் கழண்டிருந்துச்சு. மாட்டி விட்டாச்சு. வண்டி பறக்கும். மூடு."

சின்னக்கண்ணு நிமிர்ந்தது. கரடியைப் பார்த்தது. பின்னால் வரிசையில் காட்டுப்பன்றி தன் வண்டியோடு நின்றிருந்தது. அதற்கும் ரெண்டும் போயிருந்தது.

"எ...டு..." என்று தொடங்கியது சின்னக்கண்ணு. அதற்குப் பேச்சும் நிதானம்தான்.

"எண்ணெய் வடியும் சார், சீட்டு பாழாயிடும்," என்றது கரடி.

"...த்..."

கரடிக்கு வியர்த்தது. காட்டுப்பன்றி பலகையை வாசித்துக்கொண்டிருந்தது. "சரி, கல்யாண மாப்பிள்ளை. நம்ம அன்பளிப்பா ரெண்டு பானை திருப்பித் தர்றேன்."

"...துட்..."

"நாலு."

"...டு..."

"எட்டும் எடுத்துக்கங்க சார்! என் குடும்பமே இதை நம்பித்தான் இருக்கு!" என்றது கரடி காதோடு காதாக, பானைகளைத் தானே காரில் ஏற்றிக்கொண்டே. கடைசிப் பானையை வைத்துக் கதவைச் சாத்தியபோது, சின்னக்கண்ணு சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தது.

"...ப் போறேன் அண்ணே."

காட்டுப்பன்றி பார்த்துக்கொண்டிருந்தது. தட்டையும் துணியையும்கூடக் கரடியே எடுத்துக் கொடுத்தது.

மறுநாள் கார் பதினான்கு வளைவுகளிலும் பறந்து, பத்தேகாலுக்கு வாசலில் நின்றது. பெண் தலைகுனிந்து பஜ்ஜி வைத்தது. சூடான பஜ்ஜி. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமியது.

"மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?"

முந்தைய நாள் வரை மாப்பிள்ளைக்குத் தொழில் என்று எதுவும் கிடையாது. சின்னக்கண்ணு பஜ்ஜியை நிதானமாக மென்று விழுங்கியது. வாசலில் மாமனாரின் கார் நின்றிருந்தது. ஏற்றத்தில் லேசாக இருமுவதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்கள்.

அது எழுந்து போய்ப் பானட்டைத் திறந்தது. காதை வைத்துக் கேட்டது. தலையசைத்தது.

"ரெண்டுமே போயிடுச்சு மாமா."

"ரெண்டுமேவா மாப்பிள்ளை?"

"இரட்டைப் பிள்ளைங்க மாமா," என்று பெருமூச்சு விட்டது சின்னக்கண்ணு. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமா?"

காருக்குள் துணிக்கு அடியில், சிலந்தி தன் பிள்ளைகளிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது.

நீதி: ஏமாந்தவர்கள் மனம் தளரக் கூடாது. நியாயம் கிடைக்காவிட்டாலும் கிளை திறக்கும் வாய்ப்பு உண்டு.