ஓல்தோர்ப் வீட்டில் வேற்றுப்பேர் தங்காது

மாமியார் நிரந்தரமாகத் தங்க வருகிறாள் என்று மனைவி ஹெப்சிபா சொன்னாள். போன முறை கொஞ்ச நாள்தான் இருந்தாள். எங்கள் நாய் பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது. இந்த முறை தடுத்தே தீருவேன் என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான்.

யார்க்‌ஷயரில் எங்கள் ஊருக்கு மேலே, இப்போது ஆடு மேய்கிற மேட்டில், ஓல்தோர்ப் என்றொரு கிராமம் இருந்தது. கொள்ளைநோயில் அழிந்தது. தப்பி ஓடிவந்த ஒருவனை ஊர்ப்பேர் சொல்லியே கூப்பிட்டார்கள். அதுதான் எங்கள் குடும்பப் பேர். அந்தப் பேரையே ஆயுதமாக எடுத்தேன்.

"ஹெப்சிபா, உங்கம்மா மேல இருக்குற அக்கறையில சொல்றேன். ஓடி வந்தவன் தனியா வரல. அந்த ஊர்ச் சாவும் பின்னாலயே வந்துச்சு. ஓல்தோர்ப் வீட்டுல வேற பேருக்காரங்க தங்கினா கழுத்தப் புடிச்சிடும்."

"ஐயையோ! இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவியேன்னுதான்."

புகைபோக்கியில் காற்று ஊளையிட்டது. அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.

"அப்போ அது என் கழுத்த ஏங்க புடிக்கல?"

"நீதான் என்னைக் கட்டி ஓல்தோர்ப் ஆயிட்டியே!"

"பேரு மாறிட்டா ஒண்ணும் பண்ணாதாக்கும்?"

"கிட்டயே வராது!"

"நம்மள விட்டா இந்தப் பேருல யாரு இருக்கா?"

"உலகத்துலயே ஜேபஸ் சித்தப்பா ஒருத்தர்தான்," என்றேன் பெருமையாக. கல்யாணமே ஆகாத மனுஷர். பொழுதுக்கும் டிராம்போன் ஊதுவார்.

அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் பேசினால் எனக்குப் பயம். பேசாவிட்டால் பெரும்பயம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார், நடக்கப்போகும் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசித்தார். "ஜேபஸ் ஓல்தோர்ப், மணமாகாதவர். மில்ட்ரட் பிக்கர்ஸ், விதவை. தடை சொல்ல யாராவது உண்டா?"

மில்ட்ரட் பிக்கர்ஸ் என் மாமியார்!

துள்ளி எழுந்தேன். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. ஹெப்சிபா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னன்னு சொல்லப் போறீங்க? வீட்டுல புளுகினேன்னா?"

உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்க. இனிமே அம்மாவ எதுவும் அண்டாது," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "மாடி ரூமு அவங்க ரெண்டு பேருக்கும். நாம அடுப்படியில படுத்துக்கலாம்."