சம்பந்தி வீட்டு நாயும் உங்கள் கிராப்பிக் குழியும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் மெர்ல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லவோனின் கணவன் ஓரின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், லவோன், மகள் ப்ரிட்டா மூவரும் சுகம். ஸ்பூன் ஏரியும் சுகமாக உறைந்து, மேலே லாரியே போகிற அளவுக்குக் கெட்டியாகக் கிடக்கிறது. அரிசோனா வெயிலில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. பாதி நசுங்கியிருந்தாலும் மீதி நல்ல இனிப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போன இலையுதிர்காலத்தில் நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியாக உங்கள் கராஜுக்குள் இழுத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு, "மாப்ளே, உன் ஒருத்தனுக்குத்தான் சொல்றேன். பெத்த தாயே எழுந்து வந்து கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கிராப்பி மீன் கூட்டமாக நிற்கும் இடத்தைச் சொன்னீர்களே, அந்த இடம் எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். ஏனென்றால் நம் தபால்காரர் டெனிஸும் தூண்டில் போடுகிறவர். தங்கமான மனிதர்தான், ஆனால் கிராப்பி விஷயத்தில் இந்த ஊரில் யாரும் தங்கம் இல்லை. அந்த இடம் போய்விட்டது, மச்சான். ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் தப்பு என்னுடையது இல்லை. எல்லாவற்றையும் படித்து முடித்தால் தப்பு ஒரு நாயின் தலையில் போய் விடியும் என்பது உங்களுக்கே புரியும்.

ப்ரிட்டாவுக்கும் எல்ராயின் மகன் கேலபுக்கும் கல்யாணம் நிச்சயமானது உங்களுக்குத் தெரியும். அதற்காக நேற்று சனிக்கிழமை நம் வீட்டில் விருந்து, இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேர். வாரத் தொடக்கத்தில் சம்பந்தி எல்ராய் போன் செய்து, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நான் புகை போட்ட மீன் நிறைய வெச்சிருக்கேன், கொண்டாந்துடறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. பெண் வீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டு மீனா? "ஒண்ணும் வேணாம். என் பொண்ணு விருந்துக்கு நானே பிடிச்ச கிராப்பிதான் தட்டுல விழும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கை, "வாயால பிடிச்ச மீனை வாணலியில போட முடியாதுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மீன் வரலைன்னா நான் கடையில ஐஸ்பெட்டி மீன் வாங்கிடுவேன்" என்றாள். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிற வீட்டில் கடை மீனைப் போட்டு, அதை எல்ராய் மென்றுகொண்டே "ரொம்ப நல்லாருக்கு" என்று மரியாதைக்குச் சொல்வதை என்னால் உட்கார்ந்து கேட்க முடியாது. அதனால்தான் வெள்ளிக்கிழமை மதியம் வாளியும் தூண்டிலுமாக உங்கள் இடத்துக்குப் போனேன்.

குளிர்காலத்தில் நம் ஏரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் அங்கேதான். கூடாரம், லாரி, குழந்தைகள், அடுப்பு, வறுவல் வாசனை என்று திருவிழாவேதான். மீன் எங்கே என்று பார்த்துத் தூண்டில் போடுகிறவர்கள் குறைவு, அடுத்தவன் கை எங்கே மேலே போகிறது என்று பார்த்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கை உயர்ந்தால் போதும், அடுத்த நிமிஷம் அவனைச் சுற்றி, பனிக்கட்டியைத் துளைக்கிற அத்தனை மிஷினும் உறுமும். அதனால் நான் மகா தந்திரமாக நடந்துகொண்டேன். கூடாரம் போடவில்லை. பனிக்கட்டியில் ஒரு குழி போட்டு, கவிழ்த்த வாளியில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்துக்கொண்டேன். மீன் கடித்தால் கையை உயர்த்தாமல், முழங்காலுக்குக் கீழேயே மெதுவாகச் சுற்றி மேலே கொண்டுவந்தேன். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும் என்பதால் அப்படிக் கூனி உட்கார்ந்ததே எனக்கு வசதியாகவும் இருந்தது, இடுப்பு மட்டும் இன்னும் நிமிரவில்லை. பிடித்த மீனை யாரும் பார்க்காமல் பின்னாலிருந்த பனிக்குவியலுக்குள் புதைத்தேன். போகிற வருகிறவர்கள் விசாரித்தபோது "ஒண்ணுமே இல்லை" என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வாளி நிறைந்துவிட்டது என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். "பரவால்லை" என்று சொன்னேன். நம்பிப் போய்விட்டார்கள். சூரியன் இறங்குவதற்குள் ஆறு மீன். இன்னும் நாலு கிடைத்தால் என் மானம் தப்பும். கிராப்பி நன்றாகக் கடிக்கிற நேரமும் அதுதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து எல்ராய் வந்து சேர்ந்தார், மச்சான். கூட அவருடைய அந்த நாய் வாஃபிள். பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி, நாலு பக்கமும் திருடன் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார். வந்ததும் வராததுமாக, "சம்பந்தி, இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? இங்க மீனே கிடையாதே. ஏரியோட அந்த முனைப் பக்கம் போனா நல்லாருக்கும்" என்றார். என் விருந்தைக் கெடுத்துத் தன் புகை மீனை உள்ளே நுழைக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சம்பந்தி ஆயிற்றே. பிளாஸ்க்கைத் திறந்தேன்.

"காபி குடிக்கிறீங்களா?"

"ஐயோ, வேணாங்க. சிரமப்படாதீங்க."

"இதுல என்னங்க சிரமம், கொஞ்சமா."

"இல்லைங்க, இப்பத்தான் குடிச்சேன்."

மூன்றாவது முறை கேட்டால்தான் வாங்குவார், கேட்காவிட்டால் நம் பரம்பரைக்கே கேவலம். மூன்றாவது முறை கேட்க வாயைத் திறந்தபோது என் தக்கை முழுசாகத் தண்ணீருக்குள் போனது. தூண்டிலைத் தொட்டால் ரகசியம் போச்சு, தொடாவிட்டால் மீன் போச்சு. எல்ராயும் அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தக்கை போனதை அவரும் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். ஆனாலும் இரண்டு பேரும், "நாளைக்குக் காத்து வடக்கே திரும்புமாம்", "ஆமாங்க, ரேடியோல சொன்னான்" என்று பேசிக்கொண்டே, வளைந்து வளைந்து ஆடுகிற தூண்டிலைப் பார்க்காத மாதிரி காபி குடித்தோம். இவர் ஏன் பார்க்காத மாதிரி நடிக்கிறார் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் வாஃபிள் பனிக்குவியலைத் தோண்டியது. ஒரு கிராப்பியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. நேராக வீட்டுக்கு ஓடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அது கூடாரம் கூடாரமாக நின்று, வாலை ஆட்டி, மீனை எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. பின்னாலேயே ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். கறிக்கடை கேலார்ட், டெனிஸ், இன்னும் அரை டஜன் பேர். இதுதான் வேடிக்கை, மச்சான். வந்த ஒருவரும் துளை போடவில்லை. சுற்றி நின்றுகொண்டு, "இங்க மீனே கிடையாதுப்பா", "எனக்குத் தெரிஞ்சு இங்க ஒரு மீனும் இருந்ததில்லை, எல்லாரும் முனைப் பக்கம் போங்க" என்று ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். நாய் நடுவில் உட்கார்ந்து மீனைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்குள் என் தூண்டில் பறந்து குழிக்குள் பாய்ந்தது. நான் கூனிப்போய் எழ முடியாமல் கிடந்தேன். எல்ராய்தான் கையில் இருந்த காபியை வீசிவிட்டுக் குப்புற விழுந்து, தோள்வரை குழிக்குள் கையை விட்டு அதைப் பிடித்தார். மேலே வந்தது சாப்பாட்டுத் தட்டு அளவுக் கிராப்பி. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அத்தனை மிஷினும் ஒன்றாக உறுமின. உங்கள் இடம் இப்போது சல்லடை.

நனைந்த கையோடு எல்ராய் என் பக்கத்தில் உட்கார்ந்து இருட்டும்வரை மீன் பிடித்தார். பிடித்ததை எல்லாம் என் வாளியில் போட்டார். நேற்று விருந்தில் லவோன் மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்து வைத்ததும், யாரோ "யார் பிடிச்சது?" என்று கேட்டார்கள். எனக்குத் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. எல்ராய், "எல்லாம் சம்பந்தி பிடிச்சதுதான். நான் சும்மா காபி குடிக்கப் போனேன்" என்றார். நான் இரண்டு தடவை இருமினேன். உருளைக்கிழங்கு சிக்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். என் மகள் நல்ல வீட்டுக்குத்தான் போகிறாள், மச்சான்.

ஆகவே என் மானம் தப்பியது, உங்கள் இடம் போயிற்று. என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்ற முடியாத பாவி என்று லவோனிடமும் சொல்லி வருந்தினேன். டோரிஸ் அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்கள் முழங்காலுக்கு நல்ல புத்தியும் தரட்டும்.

என்றும் உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
ஓரின்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சர்ச்சுக்குப் போய்வந்தேன். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது எல்ராய் என்னைக் கோட்டு மாட்டுகிற இடத்துக்குத் தனியாகக் கூட்டிப் போய், "சம்பந்தி, மெர்ல் முகத்துல இனி நான் எப்படி முழிப்பேன்? அந்த இடத்தை என் ஒருத்தனுக்குத்தான் சொன்னாரு. சத்தியம் வேற வாங்கினாரு. நீங்க அங்க உக்காந்திருக்கீங்களேன்னு பதறித்தான் கிளப்பிவிட வந்தேன்" என்றார். கோட்டுகளுக்கு அந்தப் பக்கமிருந்து கேலார்ட், "உனக்குமா? கராஜ்லயா?" என்றார். டெனிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் பாதிரியாரே சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். ஊரே உமக்குக் கொடுத்த சத்தியத்துக்குப் பயந்து குளிர்காலம் முழுக்க அந்த முனையில் வெறும் வாளியோடு உட்கார்ந்திருக்கிறது, ஐயா! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முழங்காலுக்குச் சொன்ன வாழ்த்து மட்டும் இருக்கட்டும். நான் வேறு ஒரு நல்ல இடம் கண்டுபிடித்துவிட்டேன். நீர் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். சம்பந்தி ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.