பொட்டு வைத்த ஒரு ரூபாய் போன்

உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அவர் உக்கிரமெல்லாம் ஸ்டேஷனோடு சரி. காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வெறும் பாண்டி. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டையும் போய்விட்டது. இராஜபாளையத்து வீட்டில் இப்போது உக்கிரம் முழுக்க மனைவி ஈஸ்வரி வசம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டார்.

"ஈஸ்வரி, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சட்னி போதுமா, இன்னும் வேணுமா?"

"இந்த ஒரு ரூபாய் போன் இருக்கு பாரு, செவப்புப் பெட்டி, அது அழிஞ்சுக்கிட்டே வருது. மஞ்ச போர்டு வச்ச பூத்தும் போச்சு. மிச்சம் மீதி இருக்கதைத் தேடிப் போயி படம் பிடிக்கப் போறேன். நாளைக்கு வார சந்ததி என்னைய வாழ்த்தும்."

"நாளைக்குச் சந்ததி வரணும்னா இன்னைக்கு இருக்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும்."

மகள் கோதை மில் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறாள். வரன் வராமல் இல்லை. வருகிற வரனையெல்லாம் உக்கிரபாண்டி போட்டோவிலேயே கைது பண்ணிவிடுவார். சிரித்த மாதிரி இருந்தால், "எதையோ மறைக்கான்." சிரிக்காமல் இருந்தால், "முறைக்கான், பழைய கேஸ் இருக்கும்." கடைசியாக வத்திராயிருப்பிலிருந்து ஈஸ்வரியின் அண்ணன் தனுஷ்கோடி ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிரிக்கக்கூட இல்லை. மச்சான் கொண்டுவந்த வரன் என்ற ஒரு குற்றமே போதுமானதாக இருந்தது.

"அந்தக் கவரையாவது பிரிச்சுப் பாத்தா என்ன?"

"ஏட்டி, ஸ்டுடியோ போட்டோங்கிறது பொய்ச் சாட்சி. பவுடர் போட்டு, கோட்டு மாட்டி, பின்னால பனிமலையை வச்சு எடுத்தா எவனும் யோக்கியனாத்தான் தெரிவான். மனுசனை அவன் அறியாமத் தெருவுல வச்சுப் பாக்கணும். எஞ் சர்வீஸ்ல கத்துக்கிட்ட பாடம் அது."

"அப்ப தெருவுல வச்சுப் பாத்து, உங்களுக்கே பிடிச்சுட்டா?"

"பிடிச்சுட்டா மறுப்பு எதுக்கு? போலீஸ்காரன் வாக்கு."

ஈஸ்வரி மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டு இன்னொரு இட்லி வைத்தாள். அவள் மறுபேச்சுப் பேசவில்லை என்றால் ஆபத்து என்று தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக் கூடத் தெரியும். ஏட்டையாவுக்குத்தான் தெரியவில்லை.

கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இராஜபாளையத்தில் அவருக்குத் தெரிந்த பூத் ஒன்று ரீசார்ஜ் கடையாகி, ஜூஸ் கடையாகி, இப்போது பரோட்டாக் கடையாகியிருந்தது. வெறுங்கையோடு திரும்பக்கூடாதே என்று போஸ்டர் தின்கிற ஆட்டை எடுத்தார். படிக்கட்டில் நின்றபடியே டீ குடிக்கிற கண்டக்டரை எடுத்தார். ஊர்ப் பெயரை உலகமெல்லாம் பரப்பிய வெள்ளை நாய் ஒன்று நிழலில் படுத்துக் கிடந்தது. ஓய்வு பெற்ற போலீஸ்காரரைப் பார்த்து அது ஒரு கண்ணைத் திறந்தது. குரைக்கிற அளவுக்கு ஆள் இல்லை என்று மறுபடி மூடிக்கொண்டது.

நாலு நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். 'உள்ளூர், வெளியூர், வெளிநாடு' என்று எழுதிய மஞ்சள் போர்டு ஒன்று அகப்பட்டது. ஆனால் அது கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்தது. உள்ளே ஒரு கோழி முட்டையிட உட்கார்ந்திருந்தது. அதையும் எடுத்தார். கடைசியில் பழைய சாமான் கடை சேக் முகைதீனிடம் போய் நின்றார்.

"பாய், செவப்பு போன் ஒண்ணு கண்ணுல பட்டுச்சா?"

"அட, இப்பப் போயி கேக்கீகளே ஏட்டையா! ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சு. முந்தாநாத்து ஒரு அம்மா வந்து எடை போட்டு வாங்கிட்டுப் போயிட்டாவ."

"பொம்பளைக்கு அது எதுக்கு? உள்ள ஊறுகா போடவா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வீட்டுக்காரருக்குன்னாவ."

"எந்த இளிச்சவாயனுக்கு வாச்சவளோ, பாவம்!" என்று உக்கிரபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து ஈஸ்வரியிடமும் சொல்லிச் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததுதான் அதிகம்.

"ஊரெல்லாம் சுத்தி ஒரு போன் கெடைக்கலையாக்கும். ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாதுன்னு சும்மாவா சொன்னாவ?"

அந்தப் பழமொழியில் வருகிற ஏட்டு தான்தானோ என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

"இந்தாங்க, சுந்தரபாண்டியத்துல ஒண்ணு தொங்குதாம். பூக்காரம்மா சொன்னா. பஸ்ஸு விட்டு எறங்குனா வேப்பமரம். அதைத் தாண்டி மோட்டார் காயில் கட்டுற கடை, பச்சை ஷட்டரு. காலம்பறப் போனா வெளிச்சம் நல்லாருக்குமாம்."

"பூக்காரிக்கு வெளிச்சத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"பூ வாடாம வச்சிருக்கவளுக்கு வெயிலு தெரியாதா? போனை மட்டும் எடுத்துட்டு வந்துராதீக. ஆளோட எடுங்க. ஆள் இல்லாத படம் எழவு விழுந்த துட்டி வீடு மாதிரி இருக்கும்."

"ஏட்டி, உனக்குள்ள இம்புட்டுக் கலைக்கண்ணு இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

மறுநாள் சுந்தரபாண்டியம். வேப்பமரம், பச்சை ஷட்டர், தூணில் செவப்பு போன். உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. போனின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமப் பொட்டு. ஒயர் ஒரு முழம் தொங்கி அந்தரத்தில் நின்றது. அதை ஒரு போலீஸ்காரர் பார்த்திருந்தால் யோசித்திருப்பார். பார்த்தவர் கலைஞர். டீக்கடை பெஞ்சு ஓரமாகப் பதுங்கிக் கேமராவைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கருகிப்போன பம்புசெட் மோட்டாரோடு வீரணன் என்ற பெரியவர் வந்தார். போனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஒரு ரூபாயைப் போட்டார். பிறகு பெட்டியை ஒரு அறை அறைந்தார்.

"துட்டை முழுங்கிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதே, கொள்ளையில போவ!"

கடைக்குள்ளிருந்து ஒரு பையன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"பெரியப்பா, அது செத்த போனு. யாருக்குப் பேசணும், சொல்லுங்க, எஞ் செல்லுல போட்டுத் தாரேன்."

"செல்லு எனக்கு ஒத்துக்காது. மகளுக்குச் சேதி சொல்லணும். நான் இதுலதான் பேசுவேன்."

பையன் சண்டைக்குப் போகவில்லை. நம்பரைப் போட்டான். பெரியவர் ஒரு காதில் செவப்பு ரிசீவரை வைத்துக்கொண்டு அதில் கத்த, இவன் தன் செல்போனை அவரது மறு காதில் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் மாடு கன்று போட்ட கதையிலிருந்து மருமகன் குணக்கேடு வரைக்கும் பேசினார். பையன் கை வலித்தால் கையை மாற்றினான், முகத்தை மாற்றவில்லை. உக்கிரபாண்டி படமாக எடுத்துத் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் படத்தைக் காட்டினார். ஈஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பையன் பல்லு எப்படி?"

"பெருசாக்கிப் பாரு. ஒரு கறை கெடையாது."

"பையில நீட்டிக்கிட்டு இருக்கது பீடியா?"

"கரண்டு பாக்குற டெஸ்டர்டி! இவன் பீடி குடிக்கிறவன் இல்ல, ஒதட்டைப் பாத்தாலே தெரியுதுல்லா."

"கோவக்காரனா இருப்பானோ?"

"அம்புட்டு நேரம் கையைத் தூக்கிக்கிட்டு நின்னான், மூஞ்சி சுளிக்கலையே! இவனைப் பெத்தவ புண்ணியவதி. இவனுக்குப் பொண்ணு குடுக்குறவன் குடுத்து வச்சவன்."

"என்ன சொன்னீக? மிக்ஸி சத்தத்துல கேக்கலை."

மிக்ஸி ஓடவே இல்லை. அவரோ தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். உள் அறையிலிருந்து கோதை தலையை நீட்டினாள்.

"அப்பா, அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்க."

"பழைய போனு மேல உனக்கும் ஆசையாம்மா?"

"ஆமாப்பா, போனு மேலதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை தனுஷ்கோடி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சேதி வந்தது. அதே கவர், அதே வரன். உக்கிரபாண்டி மீசையை முறுக்கி, வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்களைத் தயார் செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தனுஷ்கோடி வந்தார். பையனைப் பெற்றவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குனிந்த தலையோடு பையன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பையில் மறந்துபோய் அதே டெஸ்டர். பேர் பிரேம்குமாராம்.

உக்கிரபாண்டியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பையன் வாயும்தான். ஏனென்றால் எதிர்ச் சுவரில், ஈஸ்வரி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பெரிய படத்தில், அவனே செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது... நான்தானே?"

"நீங்கதான் தம்பி," என்றாள் ஈஸ்வரி. "மாமா உங்களைத் தெருவுல வச்சுப் பாத்துட்டு வந்தாவ. பொண்ணு குடுக்குறவன் குடுத்து வச்சவன்னு அவிய வாயாலயே சொன்னாவ, அதுவும் ரெண்டு தடவை. போலீஸ்காரன் வாக்கு."

மூன்று காரணங்களும் ஜாமீன் எடுத்து ஓடிவிட்டன. உண்மையைச் சொன்னால் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இவனை விட நல்ல பிள்ளை எங்கே கிடைப்பான்? கதவிடுக்கில் கோதை முகம் பூத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இருந்தாலும் மச்சான் முன்னால் மீசை என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் எங் கண்ணுல தப்பாது மாப்பிள்ளை. செத்த போனைக்கூடத் தூக்கிப் போடாம, சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்டிருந்தீக பாருங்க, அந்தத் தொழில் பக்தி! அங்கதான் உங்களை எடை போட்டேன்."

பிரேம்குமார் தலையைச் சொறிந்தான்.

"அது எங்க போனு இல்லைங்க மாமா. தனுஷ்கோடி மாமாதான் கொண்டாந்து, கொஞ்ச நாளைக்கு இங்க தொங்கட்டும்னு மாட்டிட்டுப் போனாரு. வரும்போதே பொட்டோடதான் வந்துச்சு."

உக்கிரபாண்டி மச்சானைப் பார்த்தார். மச்சான் பஜ்ஜியை மென்றபடி மின்விசிறியைப் பார்த்தார். சேக் முகைதீன் கடையில் எடை போட்டு வாங்கிய அந்த அம்மா, மெல்ல மெல்ல, மிக மெல்ல அவர் நினைவுக்கு வந்தாள். திரும்பி ஈஸ்வரியைப் பார்த்தார்.

அவள் அவர் தட்டில் ஒரு கரண்டி கேசரி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பின்னே? நல்ல காரியத்துக்குப் போற பொருளு, பொட்டு வைக்காமலா அனுப்புவேன்?"