லொரேன் பிக்கெட்டுக்கு உரிமை வாசித்த கதை

பிள்ளை பெற்றவர்களுக்கும் உரிமைகள் உண்டு என்பதை எங்கள் மாநிலச் சட்டமன்றம் போன வசந்த காலத்தில்தான் கண்டுபிடித்தது. அதுவரை நாங்கள் ஏதோ ஒரு குருட்டு நம்பிக்கையில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய நாட்களில் குழந்தைகள் நலத்துறை ஆள் கதவைத் தட்டினால் நேரே உள்ளே வந்துவிடுவார். குளிர்பெட்டியைத் திறந்து பாலை முகர்ந்து பார்ப்பார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். எங்கள் தெருக்கோடி வான்ஸ் தம்பதியின் சோபாவில் மடிக்காத துணி மலைபோலக் கிடந்ததென்று இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, சின்னவள் பெற்ற தாயை "மேடம்" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு எங்கள் கார்வர் க்ரீக் ஊரில் அழாதவர் இல்லை. அந்த அழுகையில்தான் சட்டம் வந்தது.

சட்டம் நல்ல சட்டம். துறை ஆள் வாசலிலேயே நின்று பெற்றோருக்கு மூன்று சேதி சொல்ல வேண்டும்: என்னை நீங்கள் உள்ளே விட வேண்டியதில்லை, என்னிடம் நீங்கள் பேச வேண்டியதில்லை, நீங்கள் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆனால் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டால் தலைநகரத்தில் அலுவலகம் எதற்கு? அங்கிருந்து சுற்றறிக்கை வந்தது. உரிமைகள் வாசிக்கப்பட்டால் மட்டும் போதாது. புரிந்துகொண்டதாகப் பெற்றோர் தம் திருவாயால் மொழிதல் வேண்டும்.

லொரேன் பிக்கெட் என் பக்கத்து வீட்டுக்காரி. நான் கல்லாவில் நிற்கும் உணவகத்தில்தான் அவள் பழ அப்பம் சுடுகிறாள். புருஷன் கிடையாது. எட்டு வயதில் ஜூனி என்று ஒரு பெண். ஒரு சனிக்கிழமை மதியம் அடுப்பில் கோழியைப் போட்டுவிட்டு, மோர் தீர்ந்துபோனதால் ஜூனியை முனைக்கடைக்கு அனுப்பினாள்.

எதிர்வீட்டு ஓப்பர்மன் அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இளகிய மனசுக்காரி. "ஐயோ பாவம், தனியாப் போகுதே" என்று துறைக்குப் போன் போட்டாள்.

எங்கள் வட்டாரத்துக்கு விசாரணை அதிகாரி ட்வைட் ஹாலோவெல் ஒருவர்தான். போன் வந்தபோது அவர் அதே கடையில், அதே வரிசையில், ஜூனிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கவனிப்பார் யாருமின்றி ஒரு குழந்தை கடைக்குள் நிற்கிறது என்று அவருக்குத் தகவல் வந்தது. அவர் குழந்தையைக் கவனித்தார். பிறகு அவள் பின்னாலேயே காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்.

லொரேன் கதவைத் திறந்தாள். காலையில்தான் "லொரேன், பீச் பழ அப்பத்துல இன்னொரு துண்டு வெட்டும்மா" என்று கேட்டு வாங்கித் தின்ற மனிதர், இப்போது தொப்பியைக் கழற்றிவிட்டு, "பெற்றோர் அவர்களே" என்று ஆரம்பித்தார். மூன்று உரிமைகளையும் கணீரென்று வாசித்தார்.

"புரிஞ்சுதா?"

லொரேன் வாயைத் திறக்கவில்லை. அவள் அக்கா டாட்டி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்: "துறை ஆளு வந்தா மூச்சு விடாதே. நல்லாருக்கியான்னு கேட்டாக்கூட பதில் சொல்லாதே. நீ சொல்றது எல்லாம் உன் தலையிலதான் விடியும்."

"புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் அடுத்ததுக்குப் போயிடுறேன்."

லொரேன் அவர் தொப்பியையே பார்த்தாள்.

"சரி, புரியலை போல." முதலிலிருந்து வாசித்தார்.

பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசாமலிருக்க இருக்க, அவர் இன்னும் தெளிவாக வாசித்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ட்வைட் தொண்டை கட்டிப்போய் மேலதிகாரியை வரவழைத்தார். வெர்னா ஸ்டிக்னி என்று பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், அவங்க தலையாட்டினாப் போதுமா?"

"தலையாட்டறது மொழிதல் ஆகாது ட்வைட்."

"மேலும் கீழும் ஆட்டினா?"

"எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஆகாது. நீங்க வாசிங்க."

அப்போது அடுக்களையிலிருந்து கருகல் வாடை வந்தது. லொரேன் உள்ளே ஓடினால், உரிமையைக் கேட்க மறுத்தவள் ஆகிவிடுவாள். ட்வைட் உள்ளே போனால், உரிமையை மீறியவர் ஆகிவிடுவார். மூவரும் சட்டப்படி நின்று புகையைப் பார்த்தார்கள். கடைசியில் ஜூனிதான் அடுப்பை அணைத்தாள். பிறகு ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி, தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "ரொம்ப நேரமா நிக்கிறீங்களே, சாப்பிடுங்க" என்றாள்.

ட்வைட் சாப்பிட்டார். வெர்னாவும் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்டுல குழந்தைதான் சமைக்குது. அம்மா வாசல்ல சும்மா நிக்கிறாங்க. இதையும் சேத்துக்குங்க ட்வைட்" என்றார்.

லொரேனின் கை கதவு நிலையை இறுகப் பற்றியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் வான்ஸ் வீட்டுச் சின்னவளைத்தான் நினைத்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். ட்வைட் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தார்: "லொரேன், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். எனக்கும் பொண்ணு இருக்கா. ஒரே ஒரு வார்த்தை." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார்.

வழக்கு நீதிபதி ப்ரூயிட்டிடம் போனது. வக்கீல் பக்கத்தில் இருக்க, லொரேன் ஜூனியின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதே சட்டத்தோட பின்பகுதியில, குழந்தை தனியாக் கடைக்குப் போறது குத்தமே இல்லைன்னு இருக்கே. படிக்கலையா?" என்று கேட்டார் நீதிபதி.

"படிச்சேன் யுவர் ஆனர்," என்றார் ட்வைட். "அதை அவங்ககிட்டச் சொல்லத்தான் போனேன். முன்பகுதியை வாசிச்சு முடிக்க விடலையே."

"அப்போ இந்த வீட்டுல என்ன தப்பு கண்டீங்க?"

வெர்னா எழுந்தார். "அந்தத் தாயோட உரிமைகளை நாங்க பூரணமாக் காப்பாத்தினோம் யுவர் ஆனர். அதனால எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஜூனி அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். லொரேன் அவள் தலைமயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். மறுநாள் உணவகத்தில் எல்லோருக்கும் இலவச அப்பம். இனி எந்தப் பிள்ளையையும் யாரும் தொட முடியாது என்று காப்பிக் கோப்பையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம்.

கோடை வந்தது. ஒருநாள் லொரேன் உணவகத்து ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே நெடுஞ்சாலை ஓரமாக ட்வைட்டின் மகள் மேபல், தலைக்கவசம் இல்லாமல், தன்னந்தனியாக சைக்கிளில் போனாள்.

"ஐயோ பாவம்" என்று லொரேன் போனை எடுத்தாள்.

"லொரேன், நீயா?" என்றேன்.

"நான் யாரையும் குறை சொல்லலை. லாரி போற ரோடு அது. ஒரு வார்த்தை கேட்டு வைக்கறதுல என்ன தப்பு?"

நானும் யோசித்துப் பார்த்தேன். தப்பு ஒன்றும் தெரியவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும், "நியாயம்தானே" என்றார்கள்.

வட்டாரத்துக்கு அதிகாரி ஒருவர்தான் என்பதால், ட்வைட் ஹாலோவெல் மீதான புகாரை விசாரிக்க ட்வைட் ஹாலோவெல் அனுப்பப்பட்டார். சேதி பரவி, ஊரே அவர் வீட்டு முன்னால் கூடிவிட்டது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ட்வைட் தன் வீட்டு வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, மூடிய கதவைப் பார்த்து மூன்று உரிமைகளையும் வாசித்தார்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

விவரம் தெரிந்த மனிதர். பதில் சொல்லவில்லை.

முதலிலிருந்து வாசித்தார். நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தபடி பொழுது சாயும்வரை நின்று பார்த்தோம். ஊரில் ஒரு பெற்றோர்கூட வீட்டில் இல்லை. எங்கள் பிள்ளைகள் அந்நேரம் எங்கே இருந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் சொல்லாமலிருக்க எங்களுக்கு உரிமை உண்டு.