அக்கா வீட்டு அடுப்பும் ஆறடிக் கறிவேப்பிலையும்

போன சனிக்கிழமை எங்களுக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். அக்கா வீட்டை போய் அடுப்புக்கு விறகு போடுறது.

அடுப்பு எண்டவுடன குசினியை யோசிக்காதேங்கோ. அக்காவும் அத்தானும் போன வருசம் நாங்கள் எல்லாரும் இருந்த மல்வேர்னை விட்டுட்டு, டொரொண்டோவில இருந்து ஒண்டேகால் மணித்தியாலம் தள்ளிக் காணியோட ஒரு வீடு வாங்கினவை. அங்க காஸ் லைன் இல்லை. பின்முற்றத்தில தகரக் கொட்டில் மாதிரி ஒரு சாமான் நிக்குது, தலையில புகைக்கூடு. அதுக்குள்ள விறகு எரிய, சுத்திவர இருக்கிற தண்ணி சூடாகும். அந்தச் சுடுதண்ணி நிலத்துக்குக் கீழால குழாயில போய் வீட்டைச் சூடாக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் விறகு போட்டால் காணும்.

அவை ரெண்டு பேரும் மொன்றியலில ஒரு கலியாணத்துக்குப் போகினம். ஞாயிறு பின்னேரம்தான் திரும்பி வருவினம்.

"அடுப்பு நூந்துபோனால் குழாய் எல்லாம் உறைஞ்சு வெடிக்குமோ?" எண்டு போனில அக்காவிட்டக் கேட்டன். நாங்கள் இருக்கிறது பதினாலாம் மாடி அப்பார்ட்மெண்ட். வாடகைக்குள்ள ஹீட்டும் அடக்கம். எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது.

"குழாய்க்கு உறையாத மருந்து விட்டிருக்கு. வீட்டுக்குள்ள கரண்ட் ஹீட்டர் ஒண்டு தன்ரபாட்டில பத்துப் பாகையில வைச்சிருக்கும். வீட்டுக்கு ஒண்டும் நடக்காது."

"பேந்தென்ன பிரச்சினை?"

"என்ர கறிவேப்பிலை."

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லவேணும். பதினொரு வருசத்துக்கு முதல் ஒரு யோகட் கப்புக்குள்ள வந்த கண்டு. இப்ப ஆறடி. வெயில் காலத்தில வெளியில, குளிருக்கு ஹோலுக்குள்ள. மகள் கம்பஸுக்கு வீட்டை விட்டுப் போன அண்டைக்கு அழாத என்ர அக்கா, இதில பூச்சி பிடிச்ச அண்டைக்கு எனக்குப் போன் எடுத்து அழுதவ.

"பதினைஞ்சு பாகைக்குக் கீழ போனால் இலை முழுக்கக் கொட்டிப்போடும். மரம் போச்சுதெண்டால், சுபா, நீ என்ர வாசலுக்கு வரவேண்டாம்."

பகிடிக்குச் சொன்னதெண்டு நினைச்சுச் சிரிச்சன். அக்கா சிரிக்காமல் போனை வைச்சிட்டா.

வெள்ளிக்கிழமை அடுப்பைப் பற்றி ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினா. பன்ரெண்டு நிமிசம். அக்கா ஒரு விசயத்தைச் சொல்ல வெளிக்கிட்டால் நடுவில ரெண்டு கலியாணமும் ஒரு ஒப்பரேசனும் வந்துதான் முடியும். அதால நான் இரட்டை வேகத்தில விட்டு, முதல் நாலு நிமிசத்தைக் கேட்டன். மிச்சத்தை அங்க போய்க் கேட்பம் எண்டு வைச்சிட்டன்.

கேட்ட மட்டில எனக்கு விளங்கினது இதுதான். கதவைச் சடாரெண்டு திறக்கக்கூடாது. ஒரு பக்கமா நிண்டு, ஒரு விரலளவு திறந்து, இருபது எண்ணவேணும். உள்ளுக்கு அடைஞ்சு நிக்கிற புகைக்குத் திடீரெண்டு காத்துப் பட்டால் குப்பெண்டு பத்துமாம். அடுத்தது, விறகு இடப்பக்கக் குவியலில எடுக்கவேணும். வலப்பக்கம் கிடக்கிறது இந்த வருசம் வெட்டின ஈர விறகு.

சனிக்கிழமை ஒரு மணிக்குப் போய் இறங்கினம். வெளியில மைனஸ் இருபத்திரண்டு. வீட்டுக்குள்ள கால் வைச்சால் சுகமான சூடு. மரம் ஹோலில மகாராணி மாதிரி நிண்டுது. அடுப்பில தண்ணிச் சூட்டைக் காட்டுற நம்பரைப் பார்த்தன், நூற்றி எழுபத்தைஞ்சு. அது பாரன்ஹீட் கணக்கு. நூற்றைம்பதுக்குக் கீழ விடக்கூடாதாம்.

விறகு ஷெட்டுக்கு முன்னால நிண்டுதான் முதல் சண்டை தொடங்கினது.

"இடப்பக்கம் எண்டால் ஆருக்கு இடப்பக்கம்?" எண்டார் இவர், என்ர மனுசன். "உள்ள நிண்டு பார்க்கிற ஆளுக்கோ, வெளியில நிண்டு பார்க்கிற ஆளுக்கோ?"

"அக்கா சொல்லேல்லை."

"அப்ப உமக்கு எது சரியெண்டு படுது?"

எனக்கு வடிவானதுதான் சரியெண்டு பட்டுது. ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில, வெடிச்சு, பழசாக் கிடந்துது. மற்றப் பக்கம் வெள்ளையா, புதுசா, நல்ல மணத்தோட. நான் மரக்கறிக் கடையில சாமான் எடுக்கிற மாதிரிப் புதுசாப் பார்த்து எடுத்துக் குடுத்தன். பதினைஞ்சு கட்டை. இவர் இருபது எண்ணி, வடிவாத் திறந்து, எல்லாத்தையும் உள்ள அடுக்கினார். வேலை முடிஞ்சுது எண்டு போய்த் தேத்தண்ணி ஊத்தினம்.

ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் போய்ப் பார்த்தால் நம்பர் நூற்றி முப்பது. புகைக்கூட்டால வெள்ளைப் புகை கட்டி கட்டியாப் போகுது. உள்ள சீ சீ எண்டு ஒரு சத்தம்.

"ஈர விறகு," எண்டார் இவர்.

"நீங்கள்தானே அடுக்கினது."

"நீர்தானே எடுத்துத் தந்தது."

"சரி, தள்ளுங்கோ, நான் பார்க்கிறன்," எண்டு கதவில கையை வைச்சன். எனக்குக் கோவம் வந்தால் கணக்கு வராது. விரலளவு திறந்தன், உண்மை. எண்ணினன், அதுவும் உண்மை. ஒண்டு, ரெண்டு, அஞ்சு, பத்து, இருபது.

குப்பெண்டுது.

ஒரு செக்கன்தான். நான் பின்னுக்குப் பாய்ஞ்சு, வெள்ளையாக் குவிஞ்சு கிடந்த சினோவுக்குள்ள விழுந்து இருந்திட்டன். கோழி வாட்டின மணம் ஒண்டு வந்துது. இவர் ஓடிவந்து என்ர முகத்தைப் பிடிச்சுப் பார்த்தார். பயந்துபோனார் பாவம்.

"எரியுதோ? கண் தெரியுதோ?"

"தெரியுது. ஏன் அப்பிடிப் பார்க்கிறியள்?"

"ஒண்டுமில்லை," எண்டார். "முகம் கொஞ்சம் வெளிச்சமா இருக்கு."

போனில பார்த்தன். ரெண்டு புருவமும் இல்லை. முதல் நாள்தான் வெக்ஸ்போர்ட்டில ஒரு பியூட்டி பார்லருக்குப் போய், அரை மணித்தியாலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்து, வடிவாக்கிக்கொண்டு வந்த புருவம்.

அழுறதுக்கு நேரம் இருக்கேல்லை. வீட்டுக்குள்ள இருபத்தியொண்டாய் இருந்தது பத்தொன்பதுக்கு வந்திட்டுது. எனக்கு என்ர புருவம் போனதை விட, அக்கா சொன்ன வாசல்தான் கண்ணுக்கு முன்னால நிண்டுது.

"நீர் விலகும்," எண்டார் இவர். "நான் கோயில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில சோறு அவிச்ச ஆள்." அது கார் பார்க்கில வைச்சு, காஸ் அடுப்பில அவிச்ச சோறு எண்டு நான் ஞாபகப்படுத்தேல்லை.

அடுப்பை மூட்டி எடுக்கக் காய்ஞ்ச சாமான் ஏதும் வேணும் எண்டு ஷெட்டுக்குள்ள போனவர், ஒரு பெரிய கார்ட்போர்ட் பெட்டியோட வந்தார்.

"உள்ள என்ன?"

"சருகு மாதிரி ஏதோ சரசரக்குது. நல்லாப் பத்தும்."

இந்த முறை இருபதையும் ஒழுங்கா எண்ணி, பெட்டியை அப்பிடியே உள்ள தள்ளினார். உண்மையைச் சொல்லவேணும், வடிவாப் பத்திச்சுது. நூற்றி முப்பத்தொண்டு, நூற்றி முப்பத்திரண்டு. இவர் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சார். முப்பத்திமூண்டு வரேக்க எனக்கு மூக்குக்குள்ள ஏதோ செய்தது.

அந்த மணத்தை அறியாத யாழ்ப்பாணத்து மூக்கு இல்லை. செத்தல் மிளகாய்.

தூள் இடிக்க வைச்சிருந்த செத்தல். வீட்டுக்குள்ள வறுத்தால் அலாரம் அடிக்குதெண்டு அக்கா எல்லாத்தையும் ஷெட்டில வைச்சுத்தான் செய்யிறவ. அஞ்சு கிலோ. வறுக்கேக்க ஒரு மிளகாய் கருகினாலே வீடு முழுக்கக் கமறும். இஞ்ச அஞ்சு கிலோவும் ஒண்டாக் கருகுது.

இவர் இருமத் தொடங்கினார். நான் தும்மத் தொடங்கினன். இழுத்து எடுப்பம் எண்டு கதவைத் திறந்தது அடுத்த பிழை. அதுவரைக்கும் புகைக்கூட்டால மேல போனது, இப்ப கதவாலயும் வந்து, காத்தோட வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காணிக்குப் போனது.

பக்கத்துக் காணியில ஹெலன் எண்டு ஒரு வெள்ளைக்கார மனுசி. எழுபது வயசிருக்கும். சினோவுக்குள்ளால ஸ்காஃபை மூக்கில பொத்திக்கொண்டு வந்தா. கண் ரெண்டும் சிவந்து, தண்ணி ஓடுது.

"உங்களுக்கு ஒண்டும் இல்லையே?" எண்டு கேட்டா. பிறகு ஒரு நிமிசம் விடாமல் இருமினா. இருமி முடிச்சிட்டு, "சொறி," எண்டா. எங்கட புகையில இருமிப்போட்டு அவ எங்களிட்ட மன்னிப்புக் கேட்கிறா. எனக்கு நிலத்துக்குள்ள புதைஞ்சு போகலாம் போல இருந்துது.

"நான் ஃபயருக்குப் போன் அடிச்சிட்டன்," எண்டா. "ஏதோ கெமிக்கல் எண்டு நினைச்சன்."

ஃபயர் ட்ரக் கெதியா வந்திட்டுது. தாடி வைச்ச ஒரு பெரிய மனுசன் முன்னுக்கு நடந்து வந்தார். பாதி முற்றம் வந்தவர் நிண்டு, திரும்பிப் போய், முகமூடி போட்டுக்கொண்டு வந்தார். முதல் வேலையா அடுப்புக் கதவைப் பூட்டி, காத்துப் போற வழியையும் அடைச்சார்.

"உள்ள என்ன எரியுது? பிளாஸ்டிக்கோ?"

"ஸ்பைஸ்," எண்டார் இவர், மரியாதையா.

"எவ்வளவு?"

"அஞ்சு கிலோ."

தாடிக்காரர் முகமூடியை நெத்திக்கு உயர்த்தினார். "ஏன்?" எண்டு கேட்டார்.

அப்பதான் எனக்கு மிச்ச எட்டு நிமிசம் ஞாபகம் வந்துது. அங்கயே நிண்டு மெசேஜைத் தட்டினன். இரட்டை வேகத்தில அக்காவின்ர குரல் முற்றம் முழுக்கக் கேட்டுது: "பிறகு இன்னொண்டு, ஷெட்டில ஒரு பெட்டி செத்தல் கிடக்கு, தூளுக்குக் காய வைச்சனான், அதை மட்டும் ஒருத்தரும் தொட்டிடாதேங்கோ."

"என்ன சொல்லுறா?" எண்டு கேட்டார் தாடிக்காரர்.

"உங்களுக்கு நன்றி சொல்லுறா," எண்டன்.

பிறகு அவர் எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். காய்ஞ்ச விறகைத் தவிர வேற ஒண்டும் இதுக்குள்ள போடக்கூடாது. பெட்டி, குப்பை, சாப்பாடு, ஒண்டும். ஈர விறகு எரிச்சால் புகைக்கூட்டுக்குள்ள தார் பிடிக்கும், ஒரு நாளைக்கு அது பத்தும். தெரிஞ்ச ஆள் வந்து புகைக்கூட்டைத் துப்புரவாக்கிப் பார்க்கும் வரைக்கும் இதை மூட்டவேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினம்.

தலையாட்டி முடியத்தான் விளங்கினது. இண்டைக்கு இனி இந்த வீட்டுக்குச் சூடு இல்லை. உள்ள பதினேழு. இன்னும் ஒரு மணித்தியாலத்தில பதினைஞ்சு.

எனக்கு அழுகை வந்திட்டுது. "என்ர அக்காவின்ர மரம்," எண்டன். அதுக்கு மேல இங்கிலிஷ் வரேல்லை. தாடிக்காரர் என்ர முகத்தைப் பார்த்தார். புருவம் இல்லாமல் அழுதால் எப்பிடி இருக்குமோ தெரியாது, மனுசன் இளகிப்போனார்.

கார் எஞ்சினை இருபது நிமிசம் ஓட விட்டு, ஹீட்டரை உச்சத்தில வைச்சம். மரத்தை அக்காவின்ர கம்பளியால தலையில இருந்து சாடி வரைக்கும் சுத்தினன். தாடிக்காரரும் அவரோட வந்த இன்னொரு ஃபயர்காரரும், கண் சிவந்தபடி, பிள்ளைத்தாச்சியைத் தாங்கிற மாதிரி அதைத் தாங்கிக்கொண்டு போய் முன் சீட்டில சாய்ச்சு வைச்சினம். சாடி பாரம் எண்டதால கார் விடாமல் அலாரம் அடிச்சுது. மரத்துக்கு சீட் பெல்ட் போட்டம். நான் பின்னால இருந்தன்.

மல்வேர்ன் வரைக்கும் ஹீட்டரைக் குறைக்கேல்லை. இவர் ஜக்கெட்டைக் கழட்டினார், ஸ்வெட்டரைக் கழட்டினார், கடைசியில பெனியனோட கார் ஓடினார்.

எங்கட கட்டடத்து லிஃப்டில ஆறாம் மாடி அன்ரி ஏறினா. இவரின்ர பெனியனையும் பார்க்கேல்லை, என்னையும் பார்க்கேல்லை. கம்பளிக்குள்ளால எட்டிப் பார்த்த இலையை மோந்து பார்த்தா.

"கறிவேப்பிலையே? நல்ல வாசமாக் கிடக்கு, பிள்ளை." சொல்லிக்கொண்டே ரெண்டு நெட்டை இலையோட முறிச்சுக் கைப்பைக்குள்ள வைச்சா. நான் வாயைத் திறக்க முதல் ஆறாம் மாடி வந்திட்டுது.

ஞாயிறு பின்னேரம் அக்கா மொன்றியலில இருந்து நேர எங்கட வீட்டை வந்தா. நான் என்ர புருவத்தையும் லிஃப்டில நடந்ததையும் மட்டும் விட்டுட்டு, தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் சொன்னன். செத்தல் போனதுக்கு "வாங்கலாம்" எண்டா. புகைக்கூட்டுக்கு "அத்தான் பார்ப்பார்" எண்டா. மரத்துக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சு, கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு கொப்பாத் தடவிப் பார்த்தா.

"சுபா, இதில ரெண்டு நெட்டுக் குறையுது."

ஒப்புக்கொண்டன். அக்கா பெருமூச்சு விட்டு, "சரி, உயிரோட இருக்குது, அது காணும்," எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சா. அப்பதான் எனக்கு உயிர் வந்துது. வாசல் வரைக்கும் போனவ, திரும்பி நிண்டு என்ர முகத்தை உத்துப் பார்த்தா.

"உன்னில ஏதோ ஒரு வித்தியாசம் தெரியுது," எண்டா. "மெலிஞ்சிட்டியோ?"